கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நானா

பதுளையில் அந்தக் காலத்தில் நானாமாருக்குப் பஞ்சமே இல்லை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். துணிக்கடை நானா, சாப்பாட்டுக்கடை நானா, இரும்புக்கடை நானா என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் டிரைவர்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒருவன் "நானாகிட்ட காட்டுனியா?" என்று கேட்டால், எந்த நானா என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் தகரம் போட்ட கராஜ் வைத்திருந்தாரே, அவர்தான். போர்டு கிடையாது. பெயரை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

ஆள் குள்ளம். கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய சாரம், கையில்லாத பனியன், தலையில் வெள்ளைத் தொப்பி. அந்தக் கராஜில் எண்ணெய்க் கறை படாத ஒரே பொருள் அந்தத் தொப்பிதான். வண்டி வந்து நின்றதும் மற்ற மெக்கானிக்குகள் மாதிரி ஓடி வந்து பானட்டைத் தூக்க மாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். பிறகு நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

"கடைசியா என்னத்துல கை வெச்சீங்க?"

அவ்வளவுதான் கேள்வி. இதற்கு உண்மையான பதில் வரும் வரைக்கும் அந்தக் கைகள் முன்னால் வராது. நீங்கள் அழுதாலும் வராது, சண்டை போட்டாலும் வராது. "ஒண்ணும் செய்யல நானா, சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு, நின்னுருச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்போம். அவர் தலையை ஆட்டுவார். "சரி, இரிங்க, பிளேன்டீ குடிங்க" என்பார். டீயோடு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வரும். நாம் கருப்பட்டியைக் கடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று "வேற?" என்பார். அந்த 'வேற'வுக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

ஒருமுறை தோட்டத்து லாரி ஒன்று மேட்டில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. டிரைவர் எங்கள் ஸ்பிரிங்வெளி ஆள், மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவன். எவனும் எதையும் தொடவில்லை என்று சூடம் ஏற்றாத குறையாகச் சத்தியம் செய்தான். இரண்டு டீ போயிற்று. மூன்றாவது டீயை வாங்கும்போது, "நேத்து எஞ்சினக் கழுவுனேன், தண்ணி போயிருமேன்னு காத்துக் கொழாயில ஒரு துணிய..." என்று இழுத்தான். அடுத்த நிமிடம் நானாவின் கை முன்னால் வந்தது. குழாய்க்குள் விரலை விட்டு ஒரு பழைய பனியனை இழுத்து வெளியே எடுத்தார். மீசைக்காரன் திருட்டு முழி முழித்தான். "நல்லாத் தொவச்சு உடுத்துங்க, இன்னம் கிழியல்ல" என்று அவனிடமே கொடுத்துவிட்டார்.

வண்டிக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி நாலு நாளாகப் பேசவில்லையாம். நானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கடைசியா என்னத்தச் செஞ்சீங்க?" என்றார். தையல்காரர் ஒன்றுமே செய்யவில்லை, ஒரு பாவமும் அறியேன் என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. பெருநாளுக்குப் போன இடத்தில் மனைவியின் தங்கை செய்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'இதுதான் வட்டிலப்பம்' என்று சொல்லியிருக்கிறார். நானா தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே! இதுக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் எங்கயும் கெடைக்காது. போய் காலப் புடிங்க."

ஒரு தடவை ஒரு தோட்டத்துத் துரையே வந்தார். காரை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக, எஞ்சினில் சத்தம், சாயந்தரத்துக்குள் முடித்து வை என்றார். நானா கேட்க வேண்டியதைக் கேட்டார். என்னையா கேள்வி கேட்கிறாய் என்பது போல் துரை பார்த்தார். நானாவும் பார்த்தார். கை அசையவில்லை. துரை கோபித்துக்கொண்டு போய், இரண்டாம் நாள் டிரைவரில்லாமல் தனியாக ஓட்டி வந்தார். இறங்கி வந்து, தானே எண்ணெய் மாற்றியதாகவும், எந்த எண்ணெயை ஊற்றினோம் என்று தெரியவில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். நானா அவருக்கும் அதே பிளேன்டீயும் அதே கருப்பட்டித் துண்டும்தான் கொடுத்தார்.

எப்போதும் அவர்தான் சரி என்று சொல்ல மாட்டேன். ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பாவியை அரை நாள் உட்கார வைத்து 'வேற, வேற' என்று குடைந்து எடுத்துவிட்டார். அந்த மனுஷன் சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் பார்த்தால் எலி வயரைக் கடித்திருக்கிறது. நானா வெட்கப்பட்டுப் போனார். வயரை மாற்றிக் கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினார். அன்றிலிருந்து கேள்விக்கு ஒரு வால் முளைத்தது. "கடைசியா கை வெச்சது யாரு? நீங்களா, எலியா?"

எனக்கு அவரைப் பிடிக்கும். அதே அளவுக்குப் பயமும் உண்டு. அந்தப் பயத்தால்தான் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. நானும் என் தாய்மாமனும் கூட்டாக ஒரு பழைய வேன் வைத்து, பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தோம். பின் ரிம் இரண்டும் வெடிப்பு விட்டுவிட்டன. அதே ரிம் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு ஏதோ வண்டியின் ரிம். மாட்டினால் டயர் உள்பக்கமாகப் போய் ஸ்பிரிங்கில் உரசியது. சக்கரத்தை ஒரு அங்குலம் வெளியே தள்ளி வைக்க வேண்டும். அதற்கு ட்ரம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு வட்டமான இரும்புத் தட்டு போட வேண்டும். ஸ்பேசர் என்பார்கள். லேத்து பட்டறைக்காரர் தட்டு இரண்டையும் அழகாகக் கடைந்து, நீளமான போல்ட்டும் செய்து கொடுத்தார். நானே மாட்டினேன். உரசல் நின்றது, நடுக்கம் வந்தது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் போதும், வேன் குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி உதறும். நான் டயரை மாற்றிப் பார்த்தேன். காற்றைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். இடது சக்கரத்தை வலதுக்கு மாட்டினேன், வலதை இடதுக்கு மாட்டினேன். நடுக்கம் போகவில்லை. நானாவிடம் மட்டும் போகவில்லை. போனால் கேட்பாரே!

கேட்டால் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருந்தது. தட்டு இரண்டும் புதுச் சாமான் என்பதால், எங்கள் அம்மா அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கம் புது மண்வெட்டி வாங்கினாலும் சாமி காலடியில் வைத்து எடுத்தால்தான் கையில் தொடுவோம். "நல்லா அப்பி வைங்க சாமி, மலை ரோட்டுல ஓடுற வண்டி" என்று அம்மா சொல்ல, பூசாரி தட்டுக்கு ஒரு பொட்டு கெட்டிச் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். நான் துடைக்கத் துணியை எடுத்தேன். "சாமி வெச்சத அழிச்சிட்டா மாட்டுவ? கை வெளங்குமாடா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு, பொட்டோடு தட்டை வைத்து, ரிம்மைப் போட்டு, நட்டை முடுக்கினேன். பிறகு சக்கரங்களை மாற்றி மாட்டியபோதும் பொட்டைத் தொடவில்லை. ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு ஒரு வேனே உதறும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பெண் பேசினார்கள். பூனாகலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். பண்டாரவளைச் சந்தையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவள் அப்பா பொல்லாத ஆள். அதற்கு முன் வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் "அம்மாவ கேட்டுச் சொல்றேன்" என்றானாம். "அப்ப ஒங்கம்மாவையே கட்டிக்க" என்று திருப்பி அனுப்பியவர். அவருக்குப் பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீசில், ஏதோ பத்திரம் எடுக்கும் வேலை இருந்தது. வேண்டுமென்றே என் வேனில் ஏறினார். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தார்.

ஹாலி-எல தாண்டியதும் நேர் ரோடு. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கவே வேகத்தைக் கூட்டினேன். வேன் உதற ஆரம்பித்தது. அவருடைய வெற்றிலைப் பெட்டி மூடி கடகடவென்று ஆடியது. குடை நழுவி விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கன்னம் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

பதுளையில் இறங்கியதும், "என்னப்பா இது? மாவு சலிக்கிற மாதிரி சலிச்சுட்ட" என்றார்.

"சின்னக் கோளாறுங்க. இன்னைக்கே பாத்துர்றேன்."

"ஒரு வண்டியவே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலன்னா எம் மகள எப்பிடி வெச்சுக்குவ? கச்சேரியில ரெண்டு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. வா, நானும் வாரேன், என்ன கோளாறுன்னு பாப்போம். இது சரியாகலன்னா நான் ரயில்ல போயிருவேன். பொண்ணு பேச்சும் அதோட முடிஞ்சுது."

நானாவிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கப்பிள்ளை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

"நடுக்கம் ஸ்டியரிங்ல கைக்கு வருதா, உக்கார்ற எடத்துல வருதா?"

நான் வாயைத் திறக்குமுன் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "உக்கார்ற எடத்துலதான்! நல்லாவே வருது!"

"அப்ப பின் வீல்தான். தம்பி, கடைசியா என்னத்துல கை வெச்சீங்க?"

"ஸ்பேசர் போட்டேன் நானா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"தட்டுல துரு, பெயின்ட் ஏதும் ஈந்திச்சா? காயிதத் தடிப்புக்கு ஒண்டு நடுவுல மாட்டினாலும் வீல் கோணலாத்தான் சுத்தும்."

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தனம்! ஆனால் பெஞ்சில் அந்த மனுஷன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே. அம்மா சொன்னாள் என்று துடைக்காமல் மாட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? "புதுத் தட்டு நானா, பளபளன்னு இருந்துச்சு" என்றேன்.

"லேத்துலருந்து நேரா வண்டிக்கு வந்திச்சா? நடுவுல எங்கயும் போகல்லியா?"

"எங்கயும் போகல."

மூன்று பொய். டீ வந்தது, கருப்பட்டி வந்தது. கைகள் பின்னாலேயே இருந்தன. கணக்கப்பிள்ளை டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்து, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இது ஆகிற காரியமாத் தெரியல. நான் ஸ்டேஷன்ல நேரம் விசாரிச்சுட்டு கச்சேரிக்குப் போறேன்" என்றார்.

நானா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வீலக் கழட்டினா எனக்கே தெரிஞ்சிரும். கழட்ட எனக்கு எவ்வளவு நேரம்? ஆனா நீங்களா செல்லாட்டி, நாளைக்கும் அதயேதான் செய்வீங்க. ஒங்கட வண்டியில புள்ளகுட்டி ஏறுதுங்க. வேற?"

கணக்கப்பிள்ளை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். இல்லை, கத்தினேன்.

"கோயிலுக்குப் போச்சு நானா! பூசாரி சந்தனம் வெச்சாரு. அம்மா அழிக்காதன்னு சொல்லிச்சு. நான் அப்பிடியே வெச்சு முடுக்கிட்டேன்!"

நானாவின் கைகள் முன்னால் வந்தன. வாசலில் குடை நின்றது.

ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்ததும் அது பலமே இல்லாமல் சுழன்றது. நானா என்னைப் பார்த்தார். "சந்தனம் காஞ்சு கொஞ்சங்கொஞ்சமா உதிர்ந்து நட்டெல்லாம் லூஸாகிப் போச்சு. இன்னம் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா வீல் வேற, வண்டி வேற." தெமோதரை வளைவும் அதற்குக் கீழே இருக்கும் பள்ளமும் என் கண்ணுக்கு வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரிம்மை எடுத்தார். தட்டில் பொட்டு இருந்தது. ஓரம் உதிர்ந்து, நடுவில் சில்லறைக் காசு தடிப்புக்குக் காய்ந்து, குங்குமம்கூட அழியாமல் இருந்தது. நானா சுரண்டப் போகிறார் என்று பார்த்தால், கையைத் திரும்பவும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது நான் தொடுற சாமான் இல்ல. ஒங்கட கையால எடுங்க." சுத்தமான காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கீழே விரித்தார்.

நான் தயங்கினேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"அம்மா வெக்கச் சென்னதுல ஒரு பிழையுமில்ல. வெச்ச எடந்தான் பிழை. உள்ளுக்க வெச்சு நட்டப் போட்டு முடுக்கினா சாமிக்கு மூச்சு முட்டாதா? முன் கண்ணாடியில வெய்ங்க. ரோட்டப் பாத்துக்கிட்டு வரட்டும்."

வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கணக்கப்பிள்ளை இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தட்டிலும் இருந்ததை நகத்தாலேயே சுரண்டி எடுத்தேன். நானா அந்தக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "அம்மாட்ட குடுங்க. கண்ட எடத்துலயும் போட வேணாம்." மண்ணெண்ணெய்த் துணியால் தட்டைத் துடைக்கச் சொன்னார். நட்டை ஒரே பக்கமாக முடுக்காமல் ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிர்ப்பக்கத்து நட்டை முடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் என்னையே செய்யச் சொல்லிவிட்டு, கடைசியில் சக்கரத்தைச் சுழற்றி அதன் ஓரத்தில் சாக்குக் கட்டியைப் பிடித்தார். கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது. "ஏழெட்டு மைல் ஓடிட்டு நிப்பாட்டி இன்னொருக்கா முடுக்குங்க" என்றார். நான் குழாயடிக்குக் கை கழுவப் போனேன்.

கச்சேரி வேலை முடிந்து மூன்றரைக்குக் கிளம்பினோம். கணக்கப்பிள்ளை அதே பின் சீட்டில், அதே இடத்தில் உட்கார்ந்தார். நேர் ரோட்டில் மெல்ல முப்பதுக்குப் போனேன். பிறகு முப்பத்தைந்து, பிறகு நாற்பது. வெற்றிலைப் பெட்டி மூச்சு விடவில்லை. ஆனால் அந்த மனுஷனும் மூச்சு விடவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. எனக்கு வண்டி உதறியிருந்தால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது.

தெமோதரையில் ஓரமாக நிறுத்தி, குனிந்து நட்டுகளை முடுக்கினேன். அவர் இறங்கி வந்து வெற்றிலை போட்டபடி பக்கத்தில் நின்றார்.

"நீ கை கழுவப் போனப்ப நானாகிட்ட விசாரிச்சேன். இந்தப் பய எப்பிடின்னு."

"என்னங்க சொன்னாரு?"

"'மூணு தரம் பொய் சொன்னாரு, நாலாந்தரம் உண்மைய சொன்னாரு'ன்னாரு."

முடுக்கின நட்டையே திரும்பவும் முடுக்கினேன்.

"அது நல்லதா கெட்டதான்னு கேட்டேன். 'இங்க வார ஆளுங்க ஆறு ஏழு வரைக்கும் போவாங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தும் இவரு நாலுலயே வந்துட்டாரு'ன்னாரு." வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். முன் கதவைத் திறந்து, குடையை உள்ளே வைத்து, என் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழம ஒங்கம்மாவ கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. பூ, பழம் எது வேணும்னாலும் கொண்டாங்க. சந்தனம் மட்டும் வேணாம். அத நாங்களே அரைச்சு வெச்சுக்கிறோம்."